தண்ணி லேன்

குற்றச்சாட்டை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒன்றுமில்லாததை வெட்டி, இன்னோர் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

அதை விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி. வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மூன்றாம் மாடி லேபின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஃபிலிம், நோட்டு, ஃப்ரீசர் எதையும் யாரும் தொடக்கூடாது. முடிவு இன்று மாலை நான்கு மணிக்கு.

உள்ளே தண்ணிக்கா ஒரு பெரிய பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கதவு வரை வந்து நோட்டீஸைப் படித்தாள். திரும்பிப் போய் மறுபடியும் குலுக்கினாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி இந்தக் கட்டடத்தில் நான்கு மாடிக்கும் அவள் தண்ணிக்காதான். ஆர்.என்.ஏ. இருக்கிறதே, அது தொட்டாற்சிணுங்கிக்கு அக்கா. கை வியர்வை, எச்சில், மூச்சுத் துளி, இதில் எது பட்டாலும் துண்டு துண்டாகிச் செத்துப்போகும். குழாய்த் தண்ணீரெல்லாம் அதற்கு விஷம். அதற்கென்று தனியாகத் தண்ணீர் செய்ய வேண்டும். மருந்து கலந்து, குலுக்கி, ஒரு நாள் ஊறவிட்டு, ஆட்டோகிளேவ் என்கிற ராட்சச பிரஷர் குக்கரில் வேகவைத்து, ஆறவிட்டு எடுக்க வேண்டும். முப்பத்தொரு வருடங்களாக அதை அவள்தான் செய்கிறாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் பழையவர்கள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்வார்கள்: "தண்ணி வேணும்னா மூணாம் மாடி அக்காகிட்ட போ. நல்ல சரக்கு. போதையே ஏறாது."

முப்பத்தொரு வருடங்களாக அதே ஜோக். முதல் பத்து வருடம் அவளும் சிரித்தாள்.

இந்த லேபை உருவாக்கியவர் மேடம். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் 'மேடம்' என்றால் அவர் ஒருவர்தான். இப்போது இருக்கும் தலைமைப் பேராசிரியைகூட 'புது மேடம்'தான். உயிரணு பட்டினி கிடக்கும்போது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஓர் ஆர்.என்.ஏ.வை உலகத்துக்கு முதலில் காட்டியவர் அவர். பாடப் புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர். லேபில் அதன் பெயர் கத்தரி. காய்கறியா என்று கேட்காத புதுப் பையன் கிடையாது. அந்த ஒரு பேப்பரை மேற்கோள் காட்டிப் பிறகு ஐயாயிரம் பேப்பர் வந்துவிட்டது. மேடத்திடம் படித்த நாற்பத்தொரு பேர் ஊர் ஊராக, நாடு நாடாக லேப் வைத்திருக்கிறார்கள்.

அந்த நாற்பத்தொரு லேபிலும் மேடத்தின் இரண்டு சட்டங்கள் உண்டு.

முதல் சட்டம்: திறந்த ட்யூபுக்கு மேலே வாயைத் திறக்காதே. எச்சில் தெறித்தால் ஆறு மாத வேலை காலி.

இரண்டாவது: எந்த ஜெல்லிலும் ஒரு குழி தண்ணீருக்கு. ஜெல் என்பது கூழ்போல ஒரு மெல்லிய பலகை. மேல் விளிம்பில் வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை விட்டு மின்சாரம் கொடுத்தால், ஆர்.என்.ஏ. தன் குழிக்கு நேர் கீழே ஓடும். அது ஓடும் பாதைக்குப் பெயர் லேன். போய் நின்ற இடம் ஃபிலிமில் கறுப்புப் பட்டையாக விழும். தண்ணீர் விட்ட லேனில் ஒன்றுமே விழக்கூடாது. விழுந்தால் எங்கோ அழுக்கு. மற்ற லேன்களையும் நம்பாதே.

"தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார் மேடம். இந்த வரியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் லேப்கள் உண்டு.

இப்போது சந்தேகம் விழுந்திருப்பது அந்தக் கத்தரிப் பேப்பரின் தண்ணி லேன் மேல்.

*

பத்து மணிக்குக் கமிட்டியில் இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவர் தலைவர், ரசாயனத் துறைக்காரர், எதைக் கேட்டாலும் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் கேட்பவர். இன்னொருவர் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற நிபுணர். லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்திருந்தார்.

"அக்கா, இதைப் பாருங்க," என்றார் படக்காரர். "இது அந்த ஃபேமஸ் பேப்பர். இது அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே லேப்ல வந்த வேற பேப்பர். ரெண்டுலயும் தண்ணி லேன்."

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாம்பல் நாடாக்கள். இரண்டும் காலி.

"பெரிசாக்கறேன். தெரியுதா? கமா மாதிரி ஒரு கீறல். ரெண்டுலயும் அதே இடம், அதே வளைவு. ஃபிலிம் வேற வேற. கீறல் மட்டும் எப்படி ஒண்ணாகும்?"

"இருபத்தாறு வருஷமா உலகமே பார்த்த படம்," என்றார் தலைவர். "ஒருத்தர் கண்ணுலகூடப் படலையே."

"ஒண்ணுமில்லாததை யார் சார் உத்துப் பார்ப்பாங்க? மெஷின்தான் பார்க்கும். அதுக்குத்தான் போரடிக்காது."

தண்ணிக்கா அந்தக் கமாவைப் பார்த்தாள். மனசில் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு உணர்ச்சி கிடையாது. பல வருடங்களுக்கு முன் உலர்பனிக்கட்டி சுட்டு மரத்துப்போனவை. உள்ளேயும் அப்படித்தான் இருந்தது.

"அந்த வருஷத்து ஃபிலிம் ஃபைல் எங்கக்கா?" தலைவர் கேட்டார். "வெட்டி ஒட்டறதுக்கு முன்னாடி உண்மையான தண்ணி லேன் எப்படி இருந்துச்சுன்னு ஒரிஜினல் ஃபிலிம்ல தெரிஞ்சுடும்ல?"

அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள். ஃபைலை அவரே எடுத்துப் புரட்டினார். முதல் உறையில் ஃபிலிம். இரண்டாவதில் ஃபிலிம். கத்தரி ஜெல்லுக்கான பதினேழாவது உறை காலி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த ஃபைல் எங்க இருந்துச்சு?"

"மேடம் ரூம்ல, சார். அவங்க ரிட்டயர் ஆனப்போ இங்க வந்துச்சு."

"அந்த ரூம் சாவி யார் யார்கிட்ட இருந்துச்சு?"

"மேடம்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

தலைவர் குறித்துக்கொண்டார். தலைகீழாக இருந்தாலும் அவளால் படிக்க முடிந்தது. 'சாவி – மேடம்.' அத்தோடு நிறுத்திவிட்டார். அவள் கணக்கிலேயே இல்லை. பாட்டிலும் ஃப்ரீசரும் எப்படி லேபில் இருக்கின்றனவோ, அப்படித்தான் அவளும்.

"ஒரிஜினல் கிடைக்கலேன்னா எங்களுக்கு வேற வழியில்லைக்கா," என்றார். "பேப்பரை வாபஸ் வாங்கச் சொல்லித்தான் எழுதணும்."

"வாபஸ்னா... கத்தரி?"

"கத்தரி எங்கயும் போகாது. எத்தனை பேர் திருப்பிச் செஞ்சு பார்த்துட்டாங்க! ஆனா முதல்ல காட்டினவங்கன்னு மேடம் பேர் இருக்காது. தண்ணி பொய் சொல்லாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவங்க, அந்தத் தண்ணி லேன்லயே..." அவர் முடிக்கவில்லை. "நாலு மணி வரைக்கும் பார்ப்போம்."

அவர்கள் போனதும் தண்ணிக்கா இரண்டாவது டிராயரைத் திறந்தாள். லேபிள் டேப் வெட்டுகிற கத்தரிக்கோல் அதன் இடத்தில் இருந்தது. கறுப்புப் பிடி, முனை கொஞ்சம் மழுங்கியது. காலையில்கூட அதை எடுத்திருந்தாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்த லேனை வெட்டியதும் அதே கத்தரிக்கோல்தான். வெட்டியது அதே கைதான்.

*

மேடத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடி. பதினொன்றரைக்கு அவள் மணியை அடித்தாள்.

"யாரு, தண்ணியா? வா. செருப்பை அங்கயே விடு." மேடம் கைத்தடியோடு முன்னால் நடந்தார். எழுபத்து நான்கு வயது. சமையலறை அலமாரியில் எல்லா டப்பாவிலும் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. 'சர்க்கரை. திறந்த தேதி.' 'உப்பு. திறந்த தேதி.' பழக்கதோஷம்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதே."

"இல்ல மேடம், அந்தத் தண்ணி லேன்..."

"கமா," என்றார் மேடம். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "மேலேர்ந்து மூணு சென்டிமீட்டர். அது என் மோதிரம் பட்டு விழுந்த கீறல். பழைய ஃபிலிமை ஈரத்தோட பிடிச்சப்ப நானே போட்டது. நான் போட்ட கீறல் எனக்குத் தெரியாதா? பேப்பர் அச்சாகி வந்த அன்னைக்கே பார்த்துட்டேன். உறையைத் திறந்தா ஃபிலிமும் இல்ல."

தண்ணிக்கா நின்றுகொண்டே இருந்தாள். இருபத்தாறு வருடம். ஓய்வு பெறும்வரை இந்த அம்மாள் தினமும் காலையில் "தண்ணி ரெடியா?" என்று கேட்டார். தினமும் அவள் "ரெடி மேடம்" என்றாள். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"பார்த்துட்டு என்ன பண்ணீங்க மேடம்?"

"ஆறு ஞாயித்துக்கிழமை தனியா வந்து ஆறு ஜெல் ஓட்டினேன். நீ இல்லாதப்போ. ஆறும் சுத்தம். தண்ணி லேன்ல தூசிகூட இல்ல. கண்டுபிடிப்பு நிக்கும்னு தெரிஞ்சுபோச்சு. நோட்டுல எழுதி வெச்சேன். விட்டுட்டேன்."

"என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீ சொல்லியிருப்பே. சொன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கணும். உன்னை அனுப்பிட்டா அப்புறம் தண்ணி யார் போடுவா?"

மேடம் இப்படிப் பேசும்போது அது கிண்டலா நிஜமா என்று முப்பத்தொரு வருடமாக அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இன்றும் முடியவில்லை.

மேடம் மேஜைமேல் இருந்த ஒரு தாளைத் தடியின் நுனியால் தள்ளினார். கமிட்டிக்கு எழுதிய கடிதத்தின் நகல். நாலே வரி. 'சர்ச்சைக்குரிய லேனை வெட்டி ஒட்டியது நான்தான். ஒரிஜினல் ஃபிலிமை அழித்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை.' கீழே கையெழுத்து.

"இது பொய் மேடம்."

"பாதிப் பொய். அன்னைக்கே ஜர்னலுக்கு எழுதியிருக்கணும், எழுதலை. அது என் தப்புதானே? கூட இன்னொண்ணைச் சேர்த்து எழுதிட்டேன். எழுபத்து நாலு வயசுல எனக்கு என்ன ஆகிடும், காலேஜ்ல சீட் கொடுக்க மாட்டாங்களா?"

"பேப்பர் போயிடும். உங்க பேர் போயிடும்."

"போகட்டும். உனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. மாலை போட்டு, நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லி, மரியாதையா வெளிய வா." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாயைத் திறக்காதே. உனக்கு நான் உருப்படியா சொல்லிக்கொடுத்தது அது ஒண்ணுதான்."

ஏன் வெட்டினாய் என்று மேடம் கேட்கவில்லை. கேட்பார் என்று அவள் கொஞ்ச நேரம் நின்றாள். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

*

தெருமுனையில் நின்று தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"என்னக்கா, அதிசயமா வேலை நேரத்துல?"

"அப்பா செத்தது என்ன தேதிடா?"

தம்பி தேதியைச் சொன்னான். "செவ்வாய்க்கிழமை. எதுக்குக் கேக்கறே?"

"ஒரு இடத்துல சொல்ல வேண்டியிருக்கு."

"உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது! ரெண்டாம் நாளே வேலைக்கு ஓடினவதானே. பெத்த அப்பனைவிட அப்படி என்ன பாட்டில் கழுவற வேலைன்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா."

"ம்."

"அழுதியாக்கா அன்னைக்காவது? எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. நீ வந்தே, நின்னே, போனே. கல்லு மாதிரி."

"வெக்கறேன்டா."

"ஏய், கோவமா?"

"இல்லடா. தேதி சரியா இருக்கு. அதான் வேணும்."

கோபம் நிஜமாகவே இல்லை. தம்பி சொன்னது சரிதான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மேடம் வெளிநாட்டில், ஒரு மாநாட்டில். கத்தரிப் பேப்பரை ஏற்றுக்கொள்ள ஜர்னல்காரர்கள் இன்னும் ஒரே ஒரு ஜெல் கேட்டிருந்தார்கள். இன்னொரு லேப் அதே விஷயத்தைத் துரத்திக்கொண்டிருந்தது. ஃபிலிமில் பட்டை விழுவதற்காக ஆர்.என்.ஏ.வில் கதிர்வீச்சுப் பாஸ்பரஸ் ஏற்றி வைத்திருந்தாள். அந்தப் பாஸ்பரஸ் பதினான்கு நாளில் பாதி செத்துவிடும். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது காத்திருக்காது. பத்து நாள் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் இருந்த மாதிரி ஒரே ஒரு ஜெல்லுக்குத்தான் காணும்.

அப்பா செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அவள் ஜெல் முன்னால் உட்கார்ந்தாள்.

ஆறாவது குழியில் கத்தரி. ஏழாவதில் தண்ணீர். ஆறாவதில் விடும்போது கை ஒரே ஒரு தடவை ஆடியது. அரைச் சொட்டிலும் பாதி, பக்கத்துக் குழிக்கு வழிந்தது. மறுநாள் ஃபிலிமைக் கழுவி எடுத்தால், தண்ணி லேனில் புகை மாதிரி ஒரு மங்கல் பட்டை.

பக்கத்துக் குழியிலிருந்து வழிந்தது என்று பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடன் தெரியும். அதை அப்படியே அனுப்பி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆனால் தண்ணீர் அவளுடையது. அதில் கறை என்று முகம் தெரியாத யாரோ சொல்வார்கள். மூன்று மணிக்குக் கூரியர் வரும். அந்தக் காலத்தில் படங்களைப் பிரதி எடுத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, அட்டையில் பசை போட்டு ஒட்டித்தான் ஜர்னலுக்கு அனுப்புவார்கள். பழைய பேப்பருக்கு எடுத்த பிரதி ஒன்று கையருகே கிடந்தது. அதிலும் தண்ணி லேன். அதுவும் காலி. ஒன்றுமில்லாததற்கும் ஒன்றுமில்லாததற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அன்றைக்குத் தோன்றியது. வெட்டினாள். ஒட்டினாள். கூரியர்காரன் வாங்கிக்கொண்டு போனான்.

ஃபிலிமைத் தூக்கிப் போட்டிருக்கலாம். அதன் மூலையில் அவள் கையெழுத்தில் தேதி இருந்தது. அந்தத் தேதியைக் குப்பைத்தொட்டியில் போடக் கை வரவில்லை. தன் லாக்கரில், பழைய ஸ்வெட்டருக்கு அடியில் வைத்தாள்.

இன்று மூன்றே முக்காலுக்கு அந்த லாக்கரைத் திறந்தாள். ஸ்வெட்டர் பூச்சி அரித்திருந்தது. மரத்த விரல்களுக்கு ஃபிலிமின் விளிம்பு தட்டுப்படவில்லை. இடது கையால் தடவி எடுத்தாள்.

*

கமிட்டி அறையில் நீள மேஜை, ஆறு நாற்காலி, ஒரு ஜன்னல். தலைவர், படக்காரர், பேசாமல் குறிப்பு மட்டும் எழுதுகிற ஒரு வக்கீலம்மா. எதிரே மேடம், தடியில் இரண்டு கையையும் ஊன்றி. தலைவர் அந்த நாலு வரிக் கடிதத்தைப் படித்து முடித்திருந்தார்.

தண்ணிக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"தண்ணி தண்ணி," என்றார் மேடம், எச்சரிக்கிற குரலில்.

"மேஜைலயே பாட்டில் இருக்கு மேடம்," என்று தலைவர் எட்டி நகர்த்தினார்.

"அவளைச் சொன்னேன்யா!"

தண்ணிக்கா ஃபிலிமை மேஜைமேல் வைத்தாள். "வெட்டினது நான் சார். மேடம் இல்ல."

"பொய்," என்றார் மேடம். "விசுவாசம் ஜாஸ்தி அவளுக்கு. நம்பாதீங்க."

"மேடம்தான் பொய் சொல்றாங்க சார்."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான்தான் வெட்டினேன்."

"எந்தக் கத்தரிக்கோல்ல மேடம்?"

மேடம் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல பதினோரு விசாரணை பார்த்துட்டேன். நான் பண்ணலை நீதான் பண்ணேன்னுதான் எல்லாரும் அடிச்சுப்பாங்க. இப்படி நான்தான் நான்தான்னு பங்குக்குச் சண்டை போட்டு இப்பதான் பார்க்கறேன்."

படக்காரர் ஃபிலிமை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். மாலை வெளிச்சத்தில் லேன்கள் தெரிந்தன. ஆறாவதில் மை ஊற்றினதுபோல் கறுப்புப் பட்டைகள். ஏழாவதில் அவற்றின் நிழல். ஆறாவதை ஒட்டிய ஓரத்தில் அடர்த்தி. தள்ளிப் போகப் போக மங்கல்.

"வழிஞ்சிருக்கு," என்றார் உடனே. "தண்ணி சுத்தம்தான். பக்கத்துக் குழியிலேர்ந்து வழிஞ்சது இது. சின்னப் பசங்கள்லாம் முதல் வருஷம் பண்றது."

"தேதியைப் பாருங்க சார்," என்றாள் தண்ணிக்கா. "அந்த வாரம் மேடம் வெளிநாட்டுல. அவங்க பாஸ்போர்ட்ல இருக்கும். கையெழுத்து என்னோடது. வருகைப் பதிவேட்டோட ஒப்பிட்டுக்கோங்க."

வக்கீலம்மாவின் பேனா ஓடியது. தலைவர் பதிவேட்டை வரவழைத்தார். ஒப்பிட்டார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றார் கடைசியில், அந்த மன்னிப்புக் கேட்கிற குரலில். "அப்பவே உங்களுக்கு அஞ்சு வருஷ அனுபவம். எத்தனையோ ஜெல் போட்ட கை. அன்னைக்கு எப்படி ஆடுச்சு?"

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்கப்பா இறந்துட்டார் சார்."

சொல்லும்போது குரல் உடையும் என்று எதிர்பார்த்தாள். உடையவில்லை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்கிற மாதிரி வந்தது.

மேடம் மெல்லத் திரும்பினார். "யாரு?"

"அப்பா மேடம்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. நான் ஜெல் போட்டது வியாழக்கிழமை."

"நான் திரும்பி வந்து உன்கூட நாள் பூரா பெஞ்ச்ல நின்னேனே. ஒரு வாரம், ரெண்டு வாரம். நீ சொல்லவே இல்லையே."

தண்ணிக்கா யோசித்தாள். உண்மையான காரணம் என்ன என்று தேடினாள். ஒன்றுதான் கிடைத்தது.

"ட்யூப் திறந்திருந்துச்சு மேடம்."

மேடம் தடியில் ஊன்றியிருந்த கைகளைப் பார்த்தார். மோதிரம் இருந்த விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

கமிட்டி இருபது நிமிடம் தனியாகப் பேசியது. கூப்பிட்டார்கள். தலைவர் படித்தார். மேடம் எடுத்துக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் பார்த்தாகிவிட்டது. ஆறு ஜெல்லும் சுத்தம். பேப்பரை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. ஜர்னலில் ஒரு திருத்தம் வரும். அதில் இந்த ஒரிஜினல் ஃபிலிமே அச்சாகும், வழிந்த நிழலோடு. தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு மேடத்துக்குக் கண்டனம். வெட்டி ஒட்டியதற்குத் தண்ணிக்கா மேல் தனி நடவடிக்கை; ஐந்து மாதமும் அவள் லேபுக்குள் போகக்கூடாது. சாவியை இப்போதே கொடுத்துவிட வேண்டும்.

அவள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், காலைல குலுக்கி வெச்ச தண்ணி ஊறிக்கிட்டிருக்கு. நாளைக்கு யாராவது ஆட்டோகிளேவ்ல போடணும். இருபது நிமிஷம். மூடியை லூஸா வெக்கணும்."

"சொல்லிடறேன்க்கா," என்றார் தலைவர். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

படக்காரர் லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். "திருத்தத்துல ஜெல் ஓட்டினவங்க பேரும் போடணும். பழைய பேப்பர்ல உங்க பேர் எப்படிப் போட்டிருக்காங்களோ அப்படியே போட்டுடறேன், ஒரு நிமிஷம்." தேடினார். கீழே தள்ளினார். மறுபடி தேடினார். நெற்றி சுருங்கியது. "முப்பத்தொரு வருஷம்னு சொன்னீங்க? எதுலயும் உங்க பேர் இல்லையே. கடைசில நன்றின்னு போடுவாங்கல்ல, அதுலகூட இல்ல."

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் முதல் தடவையா அச்சுல வரப்போகுது?" படக்காரர் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்பதுபோல் கழுத்தைச் சொறிந்தார். "சரி, நீங்களே சொல்லுங்க. தப்பில்லாம அடிச்சுடறேன்."

அவள் பெயரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக. இந்தக் கட்டடத்தில் அதை யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வேறு யாருடைய பெயரோ போல் இருந்தது.

"இனிஷியல்?"

அவள் தன் வலது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து. அந்த ஓர் எழுத்தைச் சொன்னாள்.

"முன்னாடி போடவா, பின்னாடி போடவா?"

"முன்னாடி."

படக்காரர் ஒரு விரலால் தட்டினார். "புள்ளி வைக்கணுமா?"

"வைங்க சார்," என்றாள்.